பிரிந்த நீர் மீண்டும் சந்திப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மாத் வகைச் சிறு பாய்மரப் படகு நீரைவிட்டு எழும்பி ஓடுவதை விளக்கிய கட்டுரையில், படகின் அடியில் நீருக்குள் இருக்கும் இறக்கை போன்ற நீர்ச்சிறகின் மேற்புறம் நீளம் அதிகம் என்பதால், கீழே செல்லும் நீரோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைய மேலே செல்லும் நீர் விரைகிறது என்று எழுதப்பட்டுள்ளது. அப்படிச் சந்தித்துக்கொள்வதாக நீர் யாரிடம் வாக்குக் கொடுத்ததோ, தங்கள் கட்டுரையாளருக்கே வெளிச்சம். உண்மையில் மேலே செல்லும் நீர் முந்திக்கொண்டு போய்விடுகிறது. தவிர, அதே படகின் பாய்த்துணிக்கு இருபுறமும் ஏறத்தாழ ஒரே நீளம்தான். இவர் கணக்கின்படி அந்தப் படகு கரையைவிட்டே நகர்ந்திருக்கக் கூடாது.

31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். மாணவர்களை வாய்க்காலுக்கு அழைத்துச் சென்று, ஒரு தகரத் தட்டின் முன்விளிம்பைச் சற்றே உயர்த்தி ஓடும் நீருக்குள் பிடிக்கச் சொல்வேன். தட்டு நீரைக் கீழ்நோக்கித் திருப்பும். நீர் தட்டை மேல்நோக்கித் தள்ளும். மேற்புறத்தில் அழுத்தம் குறைவதும் இதே நிகழ்வின் இன்னொரு முகம். இதைத் தெளிவாக எழுதிய மாணவி ஒருத்திக்கு, விடைக்குறிப்பில் இல்லை என்ற காரணத்தால் மதிப்பெண் மறுக்கப்பட்டது. நான் அனுப்பிய மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. காற்றாலை பற்றிய கட்டுரையில் இதே பிழை வந்தபோது தங்களுக்கு எழுதிய கடிதமும் அச்சேறவில்லை, இடமின்மையாக இருக்கலாம்.

படத்திலோ, படகின் முன்முனையான அணியத்தில் தொங்கும் மெல்லிய கோலுக்கு 'அலைவாங்கி' என்று பெயர் சூட்டியிருக்கிறீர்கள். அது வானொலி கேட்பதற்காக வைத்ததன்று, படகின் உயரத்தைக் கட்டுப்படுத்த வைத்தது. வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். கட்டுப்படுத்தாவிட்டால் நீர்ச்சிறகு நீருக்கு வெளியே வந்து, தூக்குவிசையை இழந்து, படகு குப்புற விழும். படகு தாழ்ந்திருக்கையில் நீர் அந்தக் கோலைப் பின்னுக்குத் தள்ள, அதனோடு இணைத்த கம்பி முதன்மைச் சிறகின் பின்விளிம்பில் அசையும் மடலைக் கீழிறக்கித் தூக்குவிசையைக் கூட்டுகிறது. படகு உயர உயரக் கோல் செங்குத்தாகி, மடல் மேலேறி, விசை குறைகிறது. மின்சாரமே இல்லாத இந்த ஏற்பாட்டைவிட வியப்பான செய்தி அந்த இரண்டு பக்கங்களில் வேறொன்றும் இல்லை. 2005-இல் ரோஹன் வீல் நீர்ச்சிறகுப் படகில் உலகப் பட்டம் வென்றதைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு, எதன் துணையால் வென்றார் என்று விசாரிக்க மட்டும் நேரமில்லை போலும்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும், படத்தில் ஒரு சொல் மாற்றமும் போதும். எழுத்து எவ்வளவு சிறிதாக இருந்தாலும் குறையில்லை, கண்ணாடி வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்