சின்ன முதலாளியும் கணக்குப்பிள்ளையும்: கொரியாவில் இருக்கும் மகளுக்கு

விருதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். இந்த வாரம் மண்டிக்கு வற்றல் வரத்து அதிகம்; வீட்டில் எல்லோருக்கும் ஓயாத தும்மல்.

போன வாரம் போனில் நீ சொன்ன ஒரு சொல் என் மனத்திலேயே நிற்கிறது. “நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று முதல் நாள் கூட்டத்திலேயே சொன்னார்கள் அப்பா” என்றாய். நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் அந்தக் கணினிச் சிப் ஆலைக்குள் நுழைய அந்த ஊர்ப் பிள்ளைகளே தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கிறார்கள். என் மகள் உள்ளே போய்விட்டாள் என்று கடைத்தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனாலும் மூன்று தலைமுறையாகக் குடும்பக் கடை நடத்துகிறவர்கள் நாம். அந்தக் ‘குடும்பம்’ என்ற சொல்லைப் பற்றி உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

சேபோல் என்று அங்கே சொல்கிறார்களே, அந்தக் குடும்பக் குழுமங்களைப் பற்றி நீ போனதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். பல இடங்களில் நம் தெருவையே பார்ப்பதுபோல் இருக்கிறது. சாம்சங் 1938-இல் தேகு நகரத்தில் கருவாடும் நூடுல்ஸும் விற்ற கடை. எல்ஜியின் முதல் சரக்கு முகத்துக்குப் பூசும் கிரீம். ஹூண்டாயைத் தொடங்கிய சங் ஜூ-யங் ஏழை விவசாயியின் மகன். அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர். பின்னால் சியோலில் ஓர் அரிசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கடையையே ஏற்று நடத்தும் அளவுக்கு வந்தார். 1998-இல், எண்பது வயதுக்கு மேல், லாரிகளில் 500 மாடுகளை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வடகொரியாவுக்குப் போனார். அவர் ஓடிவந்த ஊர் இப்போது அந்தப் பக்கம் இருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் உழைப்பு மட்டுமே இவ்வளவு பெரிய மலையை எழுப்பிவிடவில்லை. 1961-இல் ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்த பார்க் சங்-ஹீ, முறைகேடாகச் சொத்துச் சேர்த்தவர்கள் என்று முதலாளிகளைப் பிடித்து உள்ளே வைத்தார். பிறகு அவர்களோடு கைகோத்தார். வங்கிகள் அரசின் பிடியில் இருந்தன. ஏற்றுமதி செய்து காட்டியவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. சீசனுக்குச் சீசன் வட்டிக்கு அலைகிற எனக்கு, அந்தக் குறைந்த வட்டியின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாடு நிமிர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1997-இல் கடன் பாரம் தாங்காமல் குழுமங்கள் சரிந்தபோது விலை கொடுத்தது ஊர்தான். பெண்கள் கல்யாண மோதிரத்தையும் பிள்ளையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கழற்றிக்கொண்டுவந்து, நாட்டின் கடனை அடைக்க வரிசையில் நின்றார்கள். அந்த மோதிரங்களை எந்தக் குடும்பத்தின் கணக்கில் வரவு வைப்பது?

பங்குக் கணக்கையும் பார்த்தேன். குடும்பத்தின் கையில் நேரடியாக இருப்பது சிறு பகுதிதான். முதல் கம்பெனி இரண்டாவதில் பங்கு வைத்திருக்கும், இரண்டாவது மூன்றாவதில், மூன்றாவது சுற்றிவந்து முதலாவதில். ஒரே பணம் எல்லாக் கல்லாவிலும் இருப்பதாகக் கணக்குக் காட்டும். புதிதாக இப்படி வளையம் போடக் கூடாதென்று 2014-இல் தடை வந்தது. தவறு செய்த தலைவர்களுக்கு மூன்றாண்டுச் சிறை, அதையும் ஐந்தாண்டு நிறுத்திவைப்பது என்று தீர்ப்பு வருவது வழக்கமாகி, மக்கள் அதற்கு ‘3-5 விதி’ என்றே பெயர் வைத்துவிட்டார்களாம்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறொன்று. 2014 டிசம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் நடந்தது. கொரியன் ஏர் தலைவரின் மகள், அந்தக் கம்பெனியின் துணைத் தலைவர்களில் ஒருவர். கொறிக்கும் கொட்டைப் பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாக நீட்டினார்கள் என்பதற்காக ஊழியர்களைத் திட்டி, கிளம்பிவிட்ட விமானத்தையே திருப்ப வைத்து, தலைமைப் பணியாளரை இறக்கிவிட்டார். ஒப்பந்தத்தில் முதல் தரப்பை அவர்கள் ‘காப்’ என்று எழுதுவார்களாம். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை மிதிப்பதற்கு அதிலிருந்தே ‘காப்ஜில்’ என்று ஒரு சொல் பிறந்திருக்கிறது.

எனக்கு நம் கணக்குப்பிள்ளை தாத்தா நினைவுக்கு வந்தார். உனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். உன் பெரியப்பா மகன் படிப்பு முடித்து வந்து கல்லாவில் உட்கார்ந்த முதல் மாதம். ஒரு சிட்டையில் தொகை மாறிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க, பேரேட்டை அவர் காலடியில் எறிந்தான். நாற்பது வருடம் நமக்குக் கணக்கு எழுதியவர். குனிந்து எடுத்தார். தூசியைத் தட்டினார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்து கூட்டத் தொடங்கினார். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் மகனைக் கண்டித்தால் கடை இரண்டாகிவிடும் என்று பயந்தேன். தீபாவளிக்கு முன்பே அவர் வேலையைவிட்டு நின்றுகொண்டார். அவரையும் நாங்கள் ‘நம் வீட்டு மனிதர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அங்கே நீ கல்லாப் பக்கம் இல்லை, கயல். பேரேட்டுப் பக்கம் இருக்கிறாய்.

சோக்சோ என்ற கடலோர ஊரில் ஒரு டாக்சி ஓட்டுநர். அவர் மகள் 2003-இல் சாம்சங்கின் சிப் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரத்தப் புற்றுநோய் வந்தது. 2007-இல் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், அப்பா ஓட்டிக்கொண்டிருந்த அந்த டாக்சியிலேயே அவள் உயிர் பிரிந்தது. வயது 22. ஆலை வேலையால்தான் அந்த நோய் வந்தது என்று அந்த மனிதர் பதினோரு வருடம் விடாமல் போராடினார். 2018 நவம்பரில் நிறுவனம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டது. நீயும் சிப் ஆலையில்தான் இருக்கிறாய் என்பதால் இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

வேலையை விட்டு வா என்று சொல்லவில்லை. நீ கையாளும் ரசாயனங்களின் பெயரை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவை. ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும், ஒன்றை எனக்கு அனுப்பு. தொழிற்சங்கம் இருந்தால் சேர்ந்துவிடு. முதலாளி வீட்டுப் பெண்ணுக்கு இது தேவையா என்று இங்கே யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் கண் முன்னால் யாராவது யார் காலடியிலாவது எதையாவது எறிந்தால், நான் நின்றதுபோல் நின்றுவிடாதே.

கணக்குப்பிள்ளை தாத்தா இப்போது சாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பார்வை மங்கிவிட்டது என்கிறார்கள். வரும் புதன்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் போய் அவரைப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா