கான்செப்ட் பந்தயக் கார்களின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எதிர்காலப் பந்தயக் கார்களின் மாதிரி வடிவங்கள் (கான்செப்ட்) பற்றிய சிறப்புப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். படங்களும் அச்சும் வெகு நேர்த்தி. ஆனால் காற்றியக்கவியல், அதாவது காரைச் சுற்றிக் காற்று எப்படிப் பாய்கிறது என்ற தலைப்பில் உங்கள் நடுவர்கள் போட்ட மதிப்பெண்களை என்னால் ஏற்க முடியவில்லை. முதலிடம் பெற்ற காரின் உடல் வழவழப்பாக, அம்பு போல இருக்கிறது என்பதற்காகவே முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். அழகுக்குத்தான் தனியாக ஒரு தலைப்பு இருக்கிறதே! ஒரே குணத்துக்கு இரண்டு தலைப்பில் மதிப்பெண் விழுந்திருக்கிறது.

நேர்கோட்டில் வேகச் சாதனை படைக்கும் காருக்குக் காற்றைத் தொந்தரவு செய்யாமல் நழுவிப் போவது பெரிய தகுதி. வளைவுகள் நிறைந்த தடத்தில் ஓடும் பந்தயக் காருக்கு அது போதாது. டயர்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் டவுன்ஃபோர்ஸ் அதற்கு வேண்டும். அந்த விசை வேகத்தின் இருமடிப்படி கூடும்: வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. காற்றின் இழுவையும் அப்படியே கூடும். அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிவிடும். ஆகவே எவ்வளவு இழுவையைக் கொடுத்து எவ்வளவு டவுன்ஃபோர்ஸை வாங்குகிறார் என்பதில்தான் வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இந்தப் பேரத்தில் மிக லாபமான இடம் காரின் அடிப்பக்கம்: அங்கே விரைந்து பாயும் காற்றின் அழுத்தம் குறைந்து, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும். லோட்டஸ் 79 என்ற ஃபார்முலா 1 கார் அதை 1978இலேயே காட்டி, ஓட்டுநர் மரியோ ஆண்ட்ரெட்டிக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்தது. நீங்கள் வெளியிட்ட படங்களில் ஒன்றில்கூட அடிப்பக்கம் இல்லை. பிறகு எதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள்?

வழவழப்பான உடல் ஏமாற்றும் என்பதற்குப் பந்தய வரலாற்றில் மிக நல்ல சாட்சி போர்ஷே 917. 1969இல் வந்தபோது அதன் உடல் அவ்வளவு அழகு. அதிவேகத்தில் அதன் பின்புறம் நிலைகொள்ளாமல் அலைந்ததால் ஓட்டுநர்கள் அதில் ஏறவே அஞ்சினார்கள். அந்த ஆண்டு ஆஸ்திரியாவின் செல்ட்வெக் தடத்தில் சோதனை ஓட்டம் நடந்தது. காரின் முன்பக்கமெல்லாம் சிறு பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருக்க, வால் பகுதி மட்டும் சுத்தமாக இருப்பதை ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர் கவனித்தார். பூச்சி படாத இடத்தில் காற்றும் படவில்லை என்றுதானே பொருள்! அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, மேல்நோக்கி ஏறும் குட்டையான வால் ஒன்றைப் பொருத்தினார்கள். கார் அடங்கியது. அந்தக் குட்டை வால் வடிவம்தான் 1970இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேவுக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது. பழைய நீள வாலையும் புதிய குட்டை வாலையும் படங்களாக உங்கள் நடுவர்கள் முன் வைத்தால் எதற்கு அதிக மதிப்பெண் விழும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1999 லெ மானில் மெர்சிடீஸ் சிஎல்ஆர் கார்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. தாழ்ந்த, நீண்ட, கண்ணைப் பறிக்கும் கார்கள். மார்க் வெப்பரின் கார் பந்தயத்துக்கு முந்தைய ஓட்டங்களில் இரண்டு முறை வானில் எழும்பிக் கவிழ்ந்தது. பந்தயத்தின்போது பீட்டர் டம்ப்ரெக்கின் கார் தடுப்பைத் தாண்டி மரங்களுக்கிடையே போய் விழுந்தது. இருவரும் உயிர் பிழைத்தது பெரும் பேறு. சக்கர அச்சுகளுக்கு அப்பால் முன்னும் பின்னும் நீண்டிருந்த உடல் அமைப்பில், மூக்கு சற்றே உயர்ந்தாலும் அடியில் புகும் காற்று காரைத் தூக்கிவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த முதல் மூன்று கார்களில் இரண்டுக்கு அதே போன்ற நீண்ட மூக்கு. கட்டுரையில் அதைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பட்டியலில் விசிறி வைத்த காரைக் கற்பனை விளையாட்டு என்று கடைசி இடத்துக்குத் தள்ளியதுதான் என்னை மிகவும் வருத்தியது. ஜிம் ஹாலின் சாப்பரல் 2ஜே 1970இல் இரண்டு விசிறிகளால் அடியிலுள்ள காற்றை உறிஞ்சி ஓடியது. கார்டன் முர்ரே வடிவமைத்த பிராபம் பிடி46பி, 1978 ஸ்வீடன் கிராண்ட் பிரீயில் நிக்கி லௌடாவுக்கு அரை நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வெற்றி தந்தது. அந்த ஒரு பந்தயத்தோடு அதன் கதை முடிந்தது. ஃபார்முலா 1 வடிவமைப்பாளர் அட்ரியன் நியூவியின் யோசனையில் 2010இல் ஒரு வீடியோ கேமுக்காக உருவான ரெட் புல் எக்ஸ்2010 காருக்கும் விசிறி உண்டு. அதையும் கற்பனை என்றுதான் பலர் ஒதுக்கினார்கள். 2022இல் மெக்மர்ட்ரி ஸ்பியர்லிங் என்ற மின்சார விசிறிக் கார் இங்கிலாந்தின் குட்வுட் மலையேற்றக் கார் ஓட்டத்தை 39.08 நொடிகளில் முடித்துப் பழைய சாதனையை உடைத்தது. விசிறிக்குக் காரின் வேகம் தேவையில்லை; மெதுவான வளைவிலும் முழுப் பிடிப்பு கிடைக்கும். மற்ற எல்லாக் கார்களும் திணறும் இடம் அது.

பின்புற இறக்கை இல்லாத காரை எதிர்காலத்தின் வழி என்று எழுதியிருந்தீர்கள். பெஜோ 9எக்ஸ்8 காரும் 2022இல் இறக்கையில்லாமல்தான் களத்துக்கு வந்தது. 2024இல் இறக்கையோடு திரும்பியது. டயர் அகல விதிகள் மாறியதற்கும் இதில் பங்குண்டு. அப்படியானால் ஒரு வடிவத்தை டயரிலிருந்து பிரித்து மதிப்பிடவே கூடாது.

பின்னால் வரும் காரைப் பற்றி உங்கள் நடுவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பந்தயம் என்றால் துரத்துவதும் முந்துவதும்தானே? ஃபார்முலா 1 நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி, பழைய கார்களில் 10 மீட்டர் இடைவெளியில் துரத்தும் கார் தன் டவுன்ஃபோர்ஸில் 46 விழுக்காட்டை இழந்தது. 2022 வடிவத்தில் அதை 18 விழுக்காடாகக் குறைக்கத் திட்டமிட்டார்கள். முன்னால் போகும் கார் கலக்கிவிடும் காற்றை முக்கிய அளவுகோலாக வைத்துப் புதிய விதிகளையே எழுதினார்கள். அதே 2022 கார்கள் நேர்பாதையில் மேலும் கீழும் குதித்து ஓட்டுநர்களின் முதுகைப் பதம் பார்த்ததையும் சொல்ல வேண்டும். தரையை ஒட்டி ஓடும் அடிப்பக்கம் படத்தில் சாதுவாகத்தான் தெரியும்.

சக்கரங்களை முழுதும் மூடிய கார்கள் உங்கள் பட்டியலில் பல. மூடுவது நல்ல யோசனைதான். சுழலும் டயர் பெரிய இழுவையை உண்டாக்கும். ஆனால் எல்லாப் படங்களிலும் சக்கரங்கள் நேராகவே நிற்கின்றன. முன் சக்கரம் திரும்ப இடம் விட்டால் அந்த மூடியின் அகலம் எவ்வளவாகும்? குளிர்விக்கும் காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது? மின்சாரக் காரின் பேட்டரியும் சூடாகும்.

அடுத்த முறை ஒவ்வொரு காரின் அடிப்பக்கப் படத்தையும் பின்புறப் படத்தையும், சக்கரம் முழுதாகத் திரும்பிய நிலையில் ஒரு படத்தையும் வடிவமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். டவுன்ஃபோர்ஸுக்கும் இழுவைக்கும் உள்ள விகிதத்தையும், அந்த விசை முன் பின் அச்சுகளுக்கிடையே எப்படிப் பிரிகிறது என்பதையும் கேளுங்கள். தர மறுப்பவர்களின் காருக்கு அழகுக்கான மதிப்பெண்ணைத் தாராளமாகக் கொடுங்கள். காற்றியக்கவியல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்