கூண்டு ஏற்றிய செய்தி கண்ணில் படட்டும்

நம் மீனவர் செய்திக் குழுவில் உள்ள அண்ணன்மார், தம்பிமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி மதியமே இங்கே வந்துவிட்டது. அதன்மேல் பிறந்தநாள் வாழ்த்துகள் எழுபதுக்கு மேல். நாட்டுப்படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்த தம்பி அதைப் பார்க்கவே இல்லை. அவருடைய அம்மா கரைக்கு ஓடிவந்து சொன்ன பிறகுதான் படகை இழுத்துக் கட்டினார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி இங்கே வானிலை, கூண்டு, டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டு) செய்திகள் மட்டும். வாழ்த்துகளுக்குத் தனிக் குழு தொடங்கியிருக்கிறேன்; அதற்கும் ஓர் இடம் வேண்டும்தானே.

எச்சரிக்கையைப் பகிர்வோர் தேதி, நேரம், வெளியிட்டது யார் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். போன ஆண்டுப் புயல் படம் புதிதுபோல் சுற்றினால், நாளை உண்மையான எச்சரிக்கையையும் யாரும் நம்பமாட்டார்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகக் குரல் பதிவும் போடுங்கள், அரை நிமிடத்துக்குள். இஞ்சின் சத்தத்தில் அதற்கு மேல் காதில் விழாது.

எச்சரிக்கையைப் பார்த்தவர்கள் உங்கள் படகு எண்ணை இங்கே எழுதுங்கள். எண் வராத வீட்டுக்கு நானே வருவேன்.

கடலில் ஆபத்து என்றால் இங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை உடனே அழையுங்கள்.