செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. தெருவிளக்கு, மழைநீர் வடிகால் குறித்த நம் மனுக்கள் வழக்கம்போல நிலுவையில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது நம் தொழிற்பேட்டை ஆலைகளில் இரசாயன வினை நடக்கும் கலன்களான ரியாக்டர்களின் பிரஷர் ரிலீஃப், அதாவது அழுத்தம் எகிறினால் அதை வெளியேற்றும் ஏற்பாடு குறித்த விவகாரம்தான்.

கோடையில் நம் உறுப்பினர் ஒருவரின் ஆலையில், அழுத்தம் மீறினால் கிழிந்து கலனைக் காக்கும் மெல்லிய தகடான ரப்ச்சர் டிஸ்க் கிழிந்தது. யாருக்கும் காயமில்லை. டிஸ்க் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பலரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அதற்கு மேலுள்ள வெளியேற்றுக் குழாயான வென்ட் லைனில் வந்தது ஆவி மட்டுமல்ல. உள்ளே இருந்த சரக்கில் கணிசமான பகுதி நுரையாகக் கூரைமேல் கொட்டியிருந்தது. "லிக்விட் எப்படி சார் மேல ஏறுச்சு?" என்று அந்த ஆலையின் ஷிப்ட் சூப்பர்வைசர் கேட்ட கேள்வியிலிருந்துதான் நம் பாதுகாப்புக் குழுவின் வேலை தொடங்கியது.

சூடேறிய திரவத்தின் மேல் உள்ள அழுத்தம் சட்டென்று இறங்கினால், மேற்பரப்பில் மட்டுமின்றித் திரவம் முழுவதிலும் குமிழி கிளம்பும். பால் பொங்குவது போல மட்டம் உயர்ந்து, வென்ட் வாய்வரை வந்து, ஆவியும் திரவமும் கலந்தே வெளியேறும். வெறும் ஆவிக்கென்று கணக்கிட்ட குழாய் இந்தக் கலவைக்குப் போதாது. சில வேளைகளில் பல மடங்கு பெரிய வாய் வேண்டும். இதற்கான கணக்கு முறைகளை உருவாக்கவே அமெரிக்க வேதிப்பொறியாளர் கழகம் 1976-இல் டையர்ஸ் என்ற கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அது தொடங்கி ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, நம் பேட்டைக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

குழுக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் இருந்த டி2 லேபரட்டரீஸ் விபத்து. நம்மில் பலருடைய ஆலையைப் போன்ற சிறிய நிறுவனம் அது. பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருளைச் சோடியத்தைக் கொண்டு தயாரித்தார்கள். ஆய்வகத்தில் ஒரு லிட்டர் கலனில் செய்து பார்த்ததை ஏறத்தாழ 9,300 லிட்டர் ரியாக்டருக்குக் கொண்டுபோனார்கள். கொள்ளளவு கூடும் வேகத்தில் கலனைச் சுற்றிக் குளிரூட்டும் உறையான ஜாக்கெட்டின் பரப்பு கூடாது. உண்டாகும் வெப்பத்தைக் கூலிங்கால் இழுக்க முடியாமல் போகும். தொடக்க பேட்ச்கள் சிலவற்றில் சூடு எதிர்பாராமல் ஏறியும் மூலகாரணத்தை யாரும் ஆராயவில்லை. 2007 டிசம்பர் 19 அன்று 175-ஆவது பேட்ச் ஓடும்போது கூலிங் நின்றது. மாற்று ஏற்பாடு இல்லை. சுமார் 199 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சோடியம் கரைப்பானோடே வினைபுரியத் தொடங்கியது. அப்படியொரு இரண்டாவது வினை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ரியாக்டர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். காயமடைந்த 32 பேரில் 28 பேர் அக்கம்பக்கத்து நிறுவனங்களில் வேலை செய்தவர்கள்.

அங்கேயும் டிஸ்க் இருந்தது. நான்கு அங்குல வென்ட், டிஸ்க் கிழியும் அழுத்தம் 400 பி.எஸ்.ஐ., நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ பிரஷர். வழக்கமான ஓட்டத்தில் வரும் ஹைட்ரஜனை மட்டும் மனத்தில் வைத்து அளவு போட்டிருந்தார்கள். அதே டிஸ்க்கை 75 பி.எஸ்.ஐ.-க்கு வைத்திருந்தால் முதல் வினையின்போதே அழுத்தம் இறங்கித் தப்பித்திருக்க வாய்ப்புண்டு என்று விசாரித்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் கருதியது. கலன் எவ்வளவு தாங்குமோ அதை ஒட்டியே டிஸ்க்கின் பிரஷரை வைக்கும் நம் பழக்கத்தை இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிறகு பாதுகாப்புக் குழு, சங்க உறுப்பினர்களின் ஆலைகளை நேரில் பார்த்தது. டிஸ்க்கோ சேஃப்டி வால்வோ இல்லாத ரியாக்டர் எதுவும் இல்லை. "இந்த அளவு எப்படி வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலோர் காட்டியது சப்ளையரின் பில். கலனில் இருந்த நாசிலுக்கு, அதாவது குழாய் பொருத்தும் வாய்க்கு, ஏற்ற சைஸ், அவ்வளவுதான். சில இடங்களில் டிஸ்க்குக்கும் அதற்கு மேலுள்ள வால்வுக்கும் இடையே பிரஷர் காட்டும் கேஜ் இல்லை. டிஸ்க்கில் ஊசித்துளை விழுந்து இடையில் பிரஷர் சேர்ந்துவிட்டால், குறித்த அழுத்தத்தில் அது கிழியாது. பாலிமர் பண்ணும் ஓர் ஆலையில் வென்ட் வாய் பாதி அடைத்திருந்தது. மறுநாளே சுத்தம் செய்துவிட்டார்கள்.

வென்ட் லைன் எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்த்தோம். இத்தாலியின் செவேசோவில் 1976 ஜூலை 10 அன்று டிஸ்க் கிழிந்ததால் ரியாக்டர் தப்பியது. ஆனால் உள்ளே உருவான டையாக்ஸின் என்ற நச்சு, பிடித்துவைக்கும் கலன் ஏதுமின்றி நேராக ஊர்மேல் போனது. நம் பேட்டையின் மதிலுக்கு அப்பால் பள்ளிக்கூடம் இருக்கிறது.

வினையில் எவ்வளவு சூடு கிளம்பும் என்று அளக்கும் வெப்பச் சோதனைக்குச் செலவாகும் என்று சிறு ஆலைக்காரர்கள் சொல்வது நியாயமே. ஆகவே செயற்குழு சார்பில் இரண்டு தீர்மானங்களை அவையின் முன் வைக்கிறேன். சூடு கிளப்பும் வினைகளுக்கான கலோரிமீட்டர் சோதனைச் செலவில் பாதியைச் சங்க நிதியிலிருந்து தருவது. டிஸ்க், வென்ட் அளவு எப்படி வந்தது என்று காட்டும் ரிலீஃப் கணக்குத் தாளை ரியாக்டர் வாரியாக அடுத்த பொதுக்குழுவுக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் சங்கத்தில் ஒப்படைப்பது. முதல் தீர்மானத்துக்குப் பொருளாளரின் ஆட்சேபம் உண்டு. அதை அவரே விளக்குவார். அதன்பின் வாக்கெடுப்பு நடத்தும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்