புற்றுநோயாளிகளுக்கும் பயணக் காப்பீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குத் தொடர்ந்து மாத்திரை உட்கொண்டுவரும் நான், ஜெர்மனியில் வசிக்கும் மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகச் செல்ல விரும்பினேன். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவக் காப்பீடு கட்டாயம். நோயை மறைக்காமல் எழுதியதும் ஒரு நிறுவனம் மறுத்துவிட்டது; மற்றொன்று, புற்றுநோய் தொடர்பான எந்தச் செலவையும் ஏற்க இயலாது என்ற நிபந்தனையுடன் பாலிசி தந்தது. பயணம் செய்யலாம் என்று மருத்துவர் அளித்த சான்றிதழை எவரும் கேட்கவே இல்லை. ‘நோயைக் குறிப்பிடாமல் விட்டுவிடுங்கள்’ என்று முகவர் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது. அவ்வாறு மறைத்தால், பின்னர் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். பிரிட்டனில் 2021 முதல், முன்பே உள்ள நோய்க்காகக் காப்பீட்டை மறுக்கும் நிறுவனம், அத்தகையோருக்குக் காப்பீடு வழங்குவோரின் பட்டியலை விண்ணப்பதாரருக்குக் காட்ட வேண்டும். நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அத்தகைய விதியை விரைவில் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, மதுரை