டொக்டரை நான் விட்டுவிட்டேன், மகள்

அன்பு மகளுக்கு,

2026 கிறிஸ்மஸுக்கு வரப்போகிற 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் கதையைச் சேர்ந்து பார்க்க எடின்பரோவிலிருந்து வருவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் வா. ஆனால் நான் அதைப் பார்க்கப்போவதில்லை. இனி வருகிற எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீயும் நானும் சேர்ந்தே பார்த்த தொடர் என்பதால், காரணத்தைப் போனில் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை.

2005இல் தொடர் திரும்பி வந்தபோது நீ சின்னப்பிள்ளை. சனிக்கிழமை பின்னேரங்களில் டேலக் என்ற அந்த இயந்திர அரக்கனின் குரல் கேட்டாலே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். அதற்கு முந்தின கதையெல்லாம் நான்தான் உனக்குச் சொல்லித் தந்தேன். காலத்தில் பயணம் போகிற டொக்டர் என்ற நாயகனாக முதன்முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்புக்கு முடியாமல் போய், 1966இல் அவர் விலகவேண்டி வந்தது. சாகும் நேரத்தில் உடல் மாறி வேறொருவராக எழும்புகிற யோசனை அப்போது பிறந்ததுதான். ஒரு வயதான நடிகரின் இயலாமையிலிருந்து வந்ததால், அதில் ஒரு உண்மை இருந்தது. 1976இல் அதற்கும் எல்லை போட்டார்கள்: 12 தரம் மாறலாம், அதோடு சரி.

2013 கிறிஸ்மஸில், அப்போது டொக்டராக இருந்த மாட் ஸ்மித், இதுதான் தன் கடைசி உயிர் என்று தெரிந்தும் ஓடிப்போகாமல், ஒரு சின்ன ஊரைக் காவல் காத்தே கிழவனானார். நீ அழுதாய், நானும் அழுதேன். கடைசியில் புது ஆயுள் கிடைத்தது உண்மைதான். ஆனால் கூடப் பயணம் போகிற கிளாரா கெஞ்சித்தான் அதை வாங்கிக் கொடுக்கவேண்டி இருந்தது.

2020 மார்ச்சில் அந்தக் கணக்கையெல்லாம் அழித்துவிட்டார்கள். டொக்டர் எங்கிருந்தோ வந்த குழந்தையாம், அவருடைய பிறவிகளுக்கு எல்லையே இல்லையாம், ஹார்ட்னெல் முதலாமவரே இல்லையாம். 2023 டிசம்பரில், டொக்டராக நடித்த டேவிட் டெனன்ட் சாகாமலேயே இரண்டாகப் பிரிந்தார். பழையவர் தன் தோழி டொனாவின் குடும்பத்தோடு தங்கிவிட, புதியவர் பயணம் போனார். 2025 மே மாதம் அந்தப் புதிய டொக்டரான என்சூட்டி கட்வாவின் முகம் நடிகை பில்லி பைப்பரின் முகமாக மாறியபோது என் மனதில் ஒன்றும் அசையவில்லை. அந்த இரவில்தான் முடிவெடுத்தேன்.

டொக்டர் பெண்ணானது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. ஜோடி விட்டேக்கர் அந்த வேடத்தில் அருமையாக நடித்தவ. 2018இல் வினய் பட்டேல் எழுதிய பஞ்சாப் கதை உனக்கு நினைவிருக்கும். 1947, பிரிவினை நேரம், முஸ்லிம் பெண்ணுக்கும் இந்து மாப்பிள்ளைக்கும் கல்யாணம். மாப்பிள்ளையின் சொந்தத் தம்பியே ஆயுதத்தோடு ஆட்களைக் கூட்டி வருகிறான். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த இருவரைக் கொலைகாரர்கள் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருப்போம். அவர்களோ, தங்கள் இனமே அழிந்துபோனபோது பக்கத்தில் நிற்க முடியாமல் போனவர்கள். அதனால், தனியே சாகிறவர்களின் பக்கத்தில் யாராவது ஒருவர் நிற்கவேண்டும் என்று பிரபஞ்சம் முழுக்க அலைகிறார்கள். டொக்டரால் அந்த மாப்பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு முதுகைக் காட்டி நடக்கத்தான் முடிந்தது.

அதைப் பார்த்தபோது எங்கள் ஊர்ச் சனங்களை நினைத்தேன். யாரும் பக்கத்தில் இல்லாமல் போனவர்கள் எங்களிலும் எத்தனை பேர்! பிள்ளைகளுக்கான ஒரு ஆங்கிலத் தொடர் இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மற்றவர்களின் சாவை அப்படி மதிக்கத் தெரிந்த கதை, தன் நாயகனுக்கு மட்டும் சாவே இல்லை என்றால் அவருடைய துணிச்சலுக்கு என்ன பெறுமதி? எனக்கு இது பொறுக்கவில்லை, மகள்.

நீ விடவேண்டாம். உனக்கு அதில் இன்னும் சந்தோஷம் இருக்கிறது என்று தெரியும். பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று சொன்னால் ஆசையோடு கேட்பேன். அப்புறம், வரும்போது அந்தப் பஞ்சாப் கதையை எடுத்து வா. அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை, அவவோடு இருந்து இன்னொரு தரம் பார்க்க விருப்பம்.

அன்புடன்,
அப்பா