நாட்டிய மேடைக்கு ஒரு கலை இயக்குநர்

ஆசிரியர் அவர்களுக்கு,

நமது தமிழ்ப் பத்திரிகைகளின் வார இதழ்களில் அரங்கேற்றச் செய்திகளுக்குக் குறைவில்லை. மாணவியின் பெயர், குருவின் பெயர், பிரதம விருந்தினர், மண்டபம் என எல்லா விவரமும் இருக்கும். ஆடப்பட்டதை யார் அமைத்தார், ஏன் அவ்வாறு அமைத்தார் என்பது மட்டும் இராது. இக்குறை பற்றிப் பேச, இலண்டன் நடனக் கலைஞர் அக்ரம் கானின் கலை வாழ்க்கையை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

வங்காளதேசப் பெற்றோருக்கு 1974இல் இலண்டனில் பிறந்த அவர், பிரதாப் பவாரிடம் வட இந்திய நடனமான கதக் பயின்று, பதின்ம வயதிலேயே நாடக இயக்குநர் பீற்றர் புரூக்கின் மகாபாரத நாடகத்தில் நடித்து, 2000இல் தயாரிப்பாளர் பாரூக் சௌத்ரியுடன் சேர்ந்து தமது நடனக் குழுவைத் தொடங்கி, எதை யார் அமைப்பது என்று தீர்மானிக்கும் கலை இயக்குநரானார். 2012 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆடியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். எனினும் அவருடைய ஆகப் பெரிய சாதனை, ஐரோப்பிய மேடை நடனமான பாலேயை ஆடும் இங்கிலிஷ் நஷனல் பாலே குழுவுக்காக 2016இல் அவர் அமைத்த 'ஜிசெல்' என்றே நான் கருதுகிறேன்.

1841இல் பாரிஸில் அரங்கேறிய மூல 'ஜிசெல்' பாலேயில், மாறுவேடத்தில் வந்த பிரபுவிடம் ஏமாந்த கிராமத்துப் பெண் சித்தம் கலங்கி இறந்து, தன்னைப் போல் வஞ்சிக்கப்பட்ட பெண்களின் ஆவிக் கூட்டத்தில் சேர்கிறாள். நமது நாட்டிய மரபின் எட்டு வகை நாயகியரான அஷ்ட நாயிகைகளுள், காதலனால் ஏமாற்றப்பட்ட விப்ரலப்தாவை அறிந்த எவருக்கும் இக்கதை அந்நியமாகத் தோன்றாது. அக்ரம் கான் கிராமத்தை எடுத்துவிட்டு, மூடப்பட்ட ஓர் ஆடைத் தொழிற்சாலையை அங்கே வைத்தார். வேலை இழந்த புலம்பெயர் தொழிலாளர் பெருஞ்சுவரொன்றின் இப்புறமும், செல்வந்தர் அப்புறமும் நிற்கிறார்கள். இரண்டாம் அங்கத்தின் ஆவிகள், அதே தொழிற்சாலையில் உழைத்து மாண்ட பெண்கள். பாலேயில் கால் நுனியில் நிற்பது மண்ணில் படாத தேவதைத் தோற்றத்துக்காகவே பெரிதும் பயன்பட்டது. இங்கோ கையில் நீண்ட கம்புகளுடன், தலைவிரி கோலமாக அப்பெண்கள் நுனிக்காலில் நெருங்கி வரும்போது அச்சமே மிஞ்சுகிறது. மூல பாலேக்கு அடோல்ப் அடாம் அமைத்த பழைய இசையை இசையமைப்பாளர் வின்சென்சோ லமாஞா இயந்திர இரைச்சல் கலந்து புதுக்கியிருக்கிறார்.

ஆடைத் தொழிற்சாலை என்றால் என்னவென்று கொழும்பில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. மலையகத்திலிருந்து நம் பெண்பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த நாட்டிய நாடகங்களில் அவர்கள் இல்லை. வள்ளி திருமணத்தையும் சகுந்தலையையும் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அவற்றையே கற்பிக்கிறேன். பரதத்துக்கு இது முடியாது என்பாருக்கு, சிங்கள நடனக் கலைஞர் சித்திரசேன கண்டிய நடனத்தை அடித்தளமாகக் கொண்டு 1961இலேயே 'கரதிய'வில் மீனவர் வாழ்வை இதே கொழும்பில் மேடையேற்றியதை நினைவூட்டலாம். அக்குழுவுக்கு இன்று அவருடைய பேத்தி ஹேஷ்மா விக்னராஜா கலை இயக்குநராக இருக்கிறார்.

நமக்கு இல்லாதது அந்தப் பதவிதான். கதக்கிலும் தற்கால நடனத்திலும் வளர்ந்த ஒருவரைப் பாலே குழுவுக்கு அழைக்கும் துணிவு, அப்போது அதன் கலை இயக்குநராக இருந்த தமாரா ரோஹோவுக்கு இருந்தது. முதலில் 2014இல் 'டஸ்ட்' என்ற சிறு ஆக்கம். அதில் அவரே அக்ரம் கானுடன் ஆடினார். அதன் பின்னரே முழு 'ஜிசெல்' அக்ரம் கானிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கோ மண்டப வாடகை, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், ஒப்பனை என்று எல்லாச் செலவையும் ஆசிரியை பெற்றோரிடமே வாங்க வேண்டும். பணம் கொடுக்கும் பெற்றோர் தம் பிள்ளை புஷ்பாஞ்சலியிலிருந்து தில்லானா வரை தனித்து ஆடுவதைக் காண விரும்புவது நியாயமே. அந்த வரவு செலவுக்குள் புதிய ஆக்கத்துக்கு இடம் வராது.

ஆகவே கொழும்பிலுள்ள சபைகளும் சங்கங்களும் கூடி, ஆண்டுதோறும் ஒருவரைக் கலை இயக்குநராக நியமித்து, அவர் தெரிவு செய்யும் நடன அமைப்பாளர் ஒருவருக்கு மூன்று மாத ஒத்திகைக்கான இடத்தையும் பக்கவாத்தியக் கலைஞரின் ஊதியத்தையும் பொறுப்பேற்க முன்வர வேண்டும் என வேண்டுகிறேன். தாங்களும் அவ்வாக்கத்துக்கு விருந்தினர் பட்டியல் இல்லாத ஒரு விமர்சனத்துக்குப் பக்கம் ஒதுக்கினால் நன்றியுடையவளாவேன்.

இவ்வண்ணம்,
பரத நாட்டிய ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.